ஓய்வும் ஓட்டத்தின் பங்கே

'அயர்ன்மேன்' என்னும் நெடுந்தூரப் போட்டியை அறிவீர்களா? 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அனைத்தும் ஒரே நாளில். 1978இல் ஹவாயில் 15 பேருடன் தொடங்கிற்று. 12 பேர் முடித்தனர்.

1982இல் அங்கே ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக ஓடிவந்தார். முடிவுக்கோட்டுக்குச் சில அடிகள் முன்பாகக் கால்கள் மடிந்து விழுந்தார். வேறொரு பெண் கடந்துபோக, இவர் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். மன உறுதி குறையவில்லை; சரீரத்தின் பெலன்தான் தீர்ந்துபோயிருந்தது.

ஆகையால் இவ்வீரர்கள் ஓய்வையும் பயிற்சியாகவே எண்ணுகிறார்கள். கடும் உழைப்பில் தசைகள் நுண்ணிய சேதமடைகின்றன. அவை சீர்ப்பட்டுப் பலமடைவது உணவினாலும் உறக்கத்தினாலுமே. போட்டிக்கு முந்திய இரண்டு, மூன்று வாரங்கள் பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள்.

மும்பையில் இரவு ஷிப்ட் முடித்து, மின்சார ரயிலில் நின்றபடியே திரும்பி, முழு இரவு ஜெபத்திலும் கண்விழிக்கும் வாலிபரே, உங்கள் வாஞ்சையை மெச்சுகிறேன். ஆயினும் உறக்கத்தை அவிசுவாசமென்று எண்ணாதேயுங்கள். (அப்படிப் போதிப்பவர்களும் உண்டு; எனக்கு அது சம்மதமில்லை.) சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை, தூங்கவிட்டார். தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் போஜனம். ஓரேபுக்கு 40 நாள் நடை அதற்குப் பின்புதான்.

இரவு வேலையுள்ளவர்கள் அவ்வாரம் உறங்கியெழுந்து மாலை ஜெபத்திற்கு வாருங்கள். ஒற்றை அறை வீடானால், குடும்பத்தாரே, அவர் உறங்கும் பகல்வேளையில் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள்.