ஒன்பது குண்டுகளின் கணக்கு

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

6205 என்று எண் பொறித்த பேரிங்கை மோட்டார் கடைக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். உள்துளை 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., நடுவே பெரும்பாலும் ஒன்பது குண்டுகள். புதிதாக வாங்கி விரலில் மாட்டிச் சுற்றினால் வழவழவென்று ஓடும். ஆனாலும் அப்பழுக்கற்ற உருண்டை என்று ஒன்று கிடையாது. ஜி10 தரக் குண்டுக்கே உருண்டை வடிவத்திலிருந்து 0.25 மைக்ரான் வரை விலக அனுமதி உண்டு. ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எல்லாக் குறையும் ஒரே மாதிரி தொல்லை தராது. நுண்ணிய சொரசொரப்பை கிரீஸிலிருக்கும் எண்ணெய்ப் படலம் சமாளித்துக்கொள்ளும். வேடிக்கை அலைகளில்தான் இருக்கிறது. குண்டு ஓடும் பள்ளமான ரேஸைச் சாணை பிடிக்கும்போதே அதன் சுற்றளவில் மெல்லிய மேடு பள்ளங்கள் பதிந்துவிடுகின்றன. வெளிவளையமான அவுட்டரில் சரியாக 9 அலைகள் இருந்தால் ஒன்பது குண்டுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஷாஃப்ட் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆடும். 8 அல்லது 10 என்றால் ஒரு பக்கம் ஏறும்போது எதிர்ப்பக்கம் இறங்கும். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடும். 5, 6 அலைகளா? தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வளையம் லேசாக நெளிவதோடு சரி. அலையின் உயரம் அதேதான், எண்ணிக்கை மாறியதும் குணமே மாறிவிடுகிறது!

அடுத்தது காயம். ரேஸில் ஓரிடத்தில் செதில் பெயர்ந்துவிட்டது என்று வையுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று, அதாவது நொடிக்கு 48. குண்டுகளைத் தாங்கும் கேஜ் ஷாஃப்டின் வேகத்தில் ஓடாது. ஷாஃப்ட் ஒரு சுற்று முடிக்கும்போது அது 0.4 சுற்றுதான் போயிருக்கும். ஆகவே நிற்கிற அவுட்டரில் உள்ள காயத்தை நொடிக்குச் சுமார் 172 முறை குண்டுகள் மிதிக்கும். உள்வளையமான இன்னரோ குண்டுகளை முந்திக்கொண்டு ஓடுவது. அதில் காயம் என்றால் சுமார் 260 முறை.

இன்னர் காயத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பாரம் விழும் பக்கத்துக்கு அது வரும்போது அடி பலமாகவும், எதிர்ப்பக்கம் போனதும் மெலிந்தும் விழும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஏறி இறங்கும். குண்டிலேயே காயம் என்றால் பிடிகொடுக்காது. குண்டு புரண்டு திரும்பிவிட்டால் காயம் ரேஸில் படாமலே ஓடும், சத்தம் காணாமல் போகும். ‘தானாகவே சரியாகிடுச்சு’ என்று மூடி வைத்துவிடுவார்கள், பாவம்.

ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்கிற மெக்கானிக்குக்கு இந்த 172 நேரடியாகக் கேட்காது. கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை அடித்தாலும் எழுவது மணியின் சொந்தச் சுருதிதான். அதுபோல ஒவ்வொரு அடிக்கும் இரும்பு தன் சுருதியில், ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் கிணுகிணுக்கும். அந்தக் கிணுகிணுப்பு எத்தனை முறை எழுந்து அடங்குகிறது என்று எண்ணிச் சொல்லத்தான் அதிர்வுமானியும் கணினியும்.

காயம் எங்கிருந்து வருகிறது? உலோகக் களைப்பு, தூசி, தண்ணீர் எல்லாம் உண்டு. நான் முதலில் சந்தேகப்படுவது சுத்தியலை. ஷாஃப்டில் இறுக்கமாக ஏறவேண்டியது இன்னர். அதை விட்டுவிட்டு அவுட்டரில் தட்டினால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போகும். ஓடத் தொடங்குமுன்பே ரேஸில் குழி விழுந்துவிடும். பழுதான பேரிங்கை வெட்டிப் பாருங்கள். குண்டு ஓடும் பள்ளத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக, குண்டுக்குக் குண்டு உள்ள அதே இடைவெளியில் குழிகள் வரிசையாக இருந்தால், குறை கம்பெனியுடையது இல்லை, மாட்டியவருடையது.