மூன்றரை கோர் கணக்கு

தெருமுனை டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உச்சியில், 11,000 வோல்ட் வந்து இறங்கும் இடத்தில், கொம்பு ஃபியூஸில் கட்டியிருப்பது மெல்லிய கம்பி இழை. கீழே, வீடுகளுக்கு மின்சாரம் புறப்படும் இடத்தில், மணிக்கட்டுப் பருமனில் கறுப்புக் கேபிள் தொங்கும். ஆபத்து மேலே இருக்க, பருமன் ஏன் கீழே?

கம்பியின் பருமனைத் தீர்மானிப்பது ஆம்பியர். வோல்ட் கேட்பதெல்லாம் பீங்கானும் இடைவெளியும்தான்.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கே.வி.ஏ.வை 1,000-ஆல் பெருக்கி, 1.732-ஆலும் வோல்ட்டாலும் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 11 கே.வி. பக்கம் ஒரு ஃபேசுக்கு 5.25 ஆம்பியர் உள்ளே போகிறது. 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர் வெளியே வருகிறது. இது 25 மடங்குக்கும் சற்று அதிகம். கம்பியில் எழும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கப்படி ஏறும். மேலே போட்ட கம்பியையே கீழேயும் போட்டால் சூடு 645 மடங்காகிவிடும்.

அப்படியானால் 133 ஆம்பியர் தாங்கும் கேபிள் போதுமா? போதாது. பட்டியலில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், காற்று 40 டிகிரியில் இருக்கும்போது பொருந்துவது. சித்திரை வெயிலில் கேபிளைச் சுற்றி 50 டிகிரி ஆகிவிட்டால், 90 டிகிரி வரை தாங்கும் எக்ஸ்.எல்.பி.இ. உறை போட்ட கேபிள் தன் திறனில் ஏறத்தாழ 89 சதவீதத்தைத்தான் சுமக்கும். 70 டிகிரி வரை தாங்கும் பி.வி.சி. கேபிளுக்கு 82 சதவீதம்தான். ஆக, எக்ஸ்.எல்.பி.இ. போட்டாலும் பட்டியலில் 150 ஆம்பியர் உள்ளதைத் தேட வேண்டும். ஒரே குழாயில் நாலைந்து கேபிள்களை நெருக்கித் திணித்தால் இன்னும் மேலே போக வேண்டும்.

சூட்டில் தேறிய கேபிள் தூரத்தில் தோற்கலாம். 95 சதுர மி.மீ. அலுமினியக் கேபிளில் 133 ஆம்பியர் ஓடினால், மின்தடையால் மட்டும் 100 மீட்டருக்கு 5 வோல்ட் குறையும். 300 மீட்டர் தள்ளி இருக்கும் அரிசி ஆலைக்குப் போய்ச் சேரும்போது 15 வோல்ட் காணாமல் போயிருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு மின்னழுத்தத்துக்கு விட்ட தளர்வு 6 சதவீதம். 230 வோல்ட்டில் அது 14 வோல்ட்கூட இல்லை. எனவே 120 சதுர மி.மீ.க்கு ஏற வேண்டும். கேபிளுக்குப் பதில் வெறும் கம்பியைக் கம்பத்தில் இழுத்தாலும் கணக்கு இதுதான். அந்தக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள்: ஸ்குவிரல் 20 சதுர மி.மீ., வீசல் 30, ராபிட் 50, ரக்கூன் 80, டாக் 100.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஃபியூஸ். "மேலேதான் ஃபியூஸ் இருக்கிறதே, கீழே வரும் கேபிளையும் அது காப்பாற்றாதா?" என்று தோன்றும். டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாயும் என்பதால் அந்த ஃபியூஸைச் சற்றுப் பெரிதாகவே வைப்பார்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், கீழே 254 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. கேபிள் வெந்துகொண்டிருக்கும், ஃபியூஸுக்குத் தெரியாது. மேல்பக்கம் டெல்டாவாகவும் கீழ்ப்பக்கம் ஸ்டாராகவும் இணைத்த டிரான்ஸ்பார்மரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால், அதன் தாக்கம் மேல்பக்க லைனில் 58 சதவீத அளவில்தான் தெரியும். டிரான்ஸ்பார்மரில் கேபிள் புறப்படும் புஷ்ஷிங்கிலிருந்து முதல் பிரேக்கர் வரை வரும் கேபிளைக் கூடியவரை குட்டையாக வைப்பது அதனால்தான். அந்தத் துண்டில் கோளாறு வந்தால் நிறுத்த, மேல்பக்க ஃபியூஸை விட்டால் வேறு காவல் இல்லை.

கடைசியாக நியூட்ரல். கடையில் "மூன்றரை கோர்" என்று கேட்டு வாங்கும் கேபிளில் மூன்று ஃபேஸ் கம்பிகள் முழு அளவு, நியூட்ரல் ஏறக்குறைய பாதி. 95 சதுர மி.மீ. கேபிளுக்கு நியூட்ரல் 50. மூன்று ஃபேசிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்ற நம்பிக்கையில் பிறந்த அரை அது. மோட்டார்களுக்கு அது சரி. கம்ப்யூட்டரும் எல்.இ.டி. விளக்கும் இழுக்கும் மின்னோட்டத்தில் 150 ஹெர்ட்ஸ் அலை கலந்திருக்கும். மூன்று ஃபேசின் அந்த அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் நியூட்ரலில் வந்து கூடும். கம்ப்யூட்டர் நிறைந்த கட்டடத்துக்கு முழு நாலு கோர் கேட்பது இதனால்.

அளவு சரியாக இருந்தும் முனையில் கெடுவது உண்டு. முனையில் மாட்டும் சிறிய லக்கில் நுழைய மறுக்கும் கேபிளின் இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டு அழுத்துவார்கள். அந்த இடத்தில் கேபிளின் அளவே குறைந்துவிடும். லக் சூடாகிக் கறுக்கும், போல்ட் தளரும். அப்படித் தளர்ந்து நியூட்ரல் விட்டுப்போனால் சுமை குறைந்த ஃபேசில் 230 வோல்ட் 400-ஐ நோக்கி ஏறும். ஒரே இரவில் தெருவெல்லாம் டி.வி.யும் ஃபேனும் எரிந்ததென்று புகார் வந்தால், லைன்மேன் முதலில் ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது அந்த நியூட்ரல் லக்கைத்தான்.