கூரைக்கு மண், வயலுக்குப் பனி

சென்ற வாரம் ஸ்பெயினின் கிரனாடா நகரில் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்தோம். 1492-ல் அதைக் கிறிஸ்தவ மன்னர்களிடம் ஒப்படைத்த கடைசி சுல்தான் போஅப்தில் ஒதுங்கிய இடம் அல்புஹார்ரா. சியெரா நெவாதா மலையின் தென்சரிவு. மறு ஆண்டே அவர் கடல் கடந்து மொராக்கோ பக்கம் போய்விட்டார். நாம் கிரனாடாவிலிருந்து பேருந்து ஏறி அங்கேதான் போகிறோம்.

ஓர்ஹிவா தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பொகெய்ரா பள்ளத்தாக்கின் ஒரே சரிவில் மூன்று ஊர்கள்: கீழே பம்பனெய்ரா, நடுவில் புபியோன், மேலே 1,436 மீட்டர் உயரத்தில் கபிலெய்ரா. நேரே கபிலெய்ராவுக்குப் போய் இறங்குங்கள்; அங்கிருந்து கீழே நடந்தே வரலாம். முழங்கால் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்.

மேலிருந்து இறங்குவதில் ஒரு லாபம், கூரைகளைப் பார்க்கலாம். ஓடு கிடையாது. வட ஆப்பிரிக்க மலைக் கிராமங்களில் இருப்பதுபோல எல்லாம் மொட்டை மாடி. செஸ்ட்நட் மர உத்திரம், அதன்மேல் பலகைக்கல், அதற்கும் மேல் 'லௌனா' என்ற நீலச் சாம்பல் நிறக் களிமண். தண்ணீர் பட்டால் இறுகிக்கொள்ளும், ஒழுகாது. தேய்பிறையில் போட்டால்தான் நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. கூரைக்குக் கூரை உருண்டையான புகைபோக்கி, அதன் தலையில் ஒரு கல் தொப்பி. தெருவின் குறுக்கே இரு வீடுகளை இணைத்து மேலே ஓர் அறை. அதனடியில் நிழலில் நடக்கிறோம்.

இந்த வீடுகளைக் கட்டக் கற்றவர்களின் சந்ததி இங்கே இல்லை. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் 1568-ல் கலகம் செய்தார்கள். கலகம் ஒடுக்கப்பட்டது, அவர்களை வெளியேற்றிவிட்டு, வடக்கே கலீசியா, காஸ்தீல் பக்கத்திலிருந்து குடியானவர்களைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். வந்தவர்களுக்குப் பாசனம் கற்றுத்தர ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை மட்டும் நிறுத்திவைத்தார்களாம். ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இது.

கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைதான். வசந்தத்தில் பனி உருகும்போது மலை உச்சிக்கு அருகே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். வயலுக்கு அல்ல, சும்மா சரிவில் விட்டுவிடுகிறார்கள். அது மண்ணுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து, கோடையில் கீழே ஊற்றாக வெளிவருகிறது. அணை இல்லை, தொட்டி இல்லை, மலையே தொட்டி. வறண்ட கோடையிலும் செஸ்ட்நட் தோப்புகளும் படிக்கட்டு வயல்களும் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். இயற்கை அழகு என்று படம் பிடிக்கிறோமே, அதில் பாதி மண்வெட்டி வேலை.

பம்பனெய்ராவில் தெரு நடுவிலேயே வாய்க்கால் சலசலத்து ஓடுகிறது. கல்யாணம் ஆகாதவர் குடித்தால் உடனே துணை கிடைக்கும் என்று எழுதிவைத்த நீரூற்றும் உண்டு. ஆனால் கம்பளக் கடைகள் அதிகம். ஊர் பாதி சந்தையாகிவிட்டது. சத்தமில்லாமல் இருப்பது புபியோன்தான். ஓர் இரவு தங்குவதென்றால் என் ஓட்டு அதற்கே.

பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள் இன்னும் கிழக்கே த்ரெவேலெஸ் வரை போகலாம். மலைக்காற்றில் உலர்த்திய அவ்வூர்த் தொடைக்கறிக்கு ஸ்பெயின் முழுக்கப் பெயர்.

அடுத்த வாரம் யெகென். ஆங்கில எழுத்தாளர் ஜெரால்ட் பிரெனன் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களோடு குடியேறிய ஊர். 1923-ல் அவரைப் பார்க்க வர்ஜீனியா உல்ஃப் அந்த மலையேறி வந்தார்.