காக்கும் கலம்

1993ஆம் ஆண்டு. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலம். குடாநாட்டிலிருந்து வெளியே போவோரும் உள்ளே வருவோரும் கிளாலிக் கடனீரேரியை இரவு வேளைகளில் வள்ளமேறிக் கடந்தனர். சலரோகத்தால் வருந்திய என் அன்னைக்காக நான்கு இன்சுலின் குப்பிகளைக் கொழும்பிலே வாங்கினேன். வாயகன்ற சுடுநீர்ப் போத்தலொன்றில் பனிக்கட்டியிட்டு, அவற்றை அதனுள்ளே வைத்துக்கொண்டு வந்தேன். வழிநெடுக நான் அஞ்சியது வெயிலுக்கே. கரையை அண்மித்தபோது வள்ளம் எதிலோ மோதியது. மடியிலிருந்த போத்தல் கீழே விழுந்தது. வெளித் தகரத்தில் சிறியதொரு நெளிவுதான். உள்ளிருந்த கண்ணாடிக் குடுவையோ பொடியாய்ப் போயிற்று. மூன்று குப்பிகள் உடைந்தன, ஒன்று தப்பியது. பின்னர் எவ்வாறு சமாளித்தோம் என்பது வேறு கதை.

போத்தலைச் செய்தவனை நோவதில் நியாயமில்லை. வெப்பம் புகாதிருக்கவே அவன் அதைச் செய்தான், விழுந்தெழுவதற்கு அன்று.

பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் போத்தலை மீண்டும் நினைவூட்டியவள் ஒரு மாணவி. அண்மையில் வடமராட்சியிலே மாணவர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “சேர், அக்கரையிலே கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு உலைகள் இருக்கின்றன. அவற்றுக்கான எரிபொருள் வழியிலே விழுந்தால் என்ன ஆகும்?”

புதிய எரிபொருள் வேறு, எரிந்து தீர்ந்தது வேறு என்பதை முதலில் உணர வேண்டும். கல்பாக்கத்து உலைகளுக்கு ஐதராபாத்திலிருந்து வருவது இயற்கை யுரேனியம். அரை மீற்றர் நீளமுள்ள அக்கட்டுகளைக் கையுறை அணிந்து தூக்கலாம். 2013இல் மின்வலையோடு இணைந்த கூடங்குளத்து முதலாம் உலைக்கு ருசியாவிலிருந்து வருவதோ செறிவூட்டிய யுரேனியம். அது ஓரிடத்தில் நெருங்கிக் குவிந்து, இடையிலே நீரும் புகுந்தால், தொடர்வினை தொடங்கக்கூடும். ஆகவே நீருள் மூழ்கினாலும் கட்டுகளை உரிய இடைவெளியில் பிரித்தே வைத்திருப்பது அங்கே கலத்தின் கடமை.

உலையிலே எரிந்து வெளிவந்த எரிபொருள்தான் பொல்லாதது. அதன் காமாக் கதிரைத் தடுக்க ஈயமோ தடித்த உருக்கோ வேண்டும். நியூத்திரனைத் தணிக்க ஐதரசன் மிகுந்த பொருள் வேண்டும். அன்றியும், அது தானாகவே வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருப்பது. உள்வெப்பம் வெளியேற வேண்டும், வெளிநெருப்பு உள்ளே வரலாகாது. ஒரே சுவரிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறோம்! ஈயமோ 327 பாகை செல்சியசில் உருகிவிடும். கலம் தாங்க வேண்டிய சோதனை நெருப்போ 800 பாகை. வடிவமைப்பவன் தன்னோடு தானே வழக்காடும் இடம் இது.

இவ்வழக்கிலே எனக்கு உவப்பான சாட்சி மரம். பல கலங்களின் இரு முனைகளிலும் உருக்குத் தகட்டினுள் மரத்தை அடைத்துக் கவசமாகப் பூட்டுகின்றனர். விழும்போது மரம் நசுங்கி அதிர்ச்சியைத் தான் ஏற்கும்; தீயிலே கருகி, அக்கரியினாலேயே வெப்பத்தைத் தாமதப்படுத்தும். அணுயுகத்திலும் தச்சனுக்கு வேலையிருக்கிறது.

சர்வதேச அணுசக்தி முகவரகம் இப்போக்குவரத்துக்கான விதிகளை முதன்முதல் 1961இல் வெளியிட்டது. இன்றைய விதிகளின்படி கலம் 9 மீற்றர் உயரத்திலிருந்து சற்றும் இளகாத தளத்தில் விழவேண்டும்; ஒரு மீற்றர் உயரத்திலிருந்து உருக்குத் தண்டொன்றின்மேலும் விழவேண்டும்; அதன்பின் 800 பாகை நெருப்பில் அரைமணி நேரம் இருக்க வேண்டும். இவற்றுக்கு மூன்று கலங்கள் அல்ல. அடிபட்ட அதே கலமே நெருப்பிலும் இறங்க வேண்டும். பட்ட காலிலே படும் என்ற நம்மவர் பழமொழியை அறிந்தவர் எழுதிய விதிபோலவே தோன்றுகிறது. கதிரியக்கம் மிகுந்த கலமாயின், 200 மீற்றர் ஆழத்து நீரழுத்தத்தையும் ஒருமணி நேரம் தாங்க வேண்டும். நமது பாக்குநீரிணையில் அத்துணை ஆழம் எங்குமே இல்லை.

இதையெல்லாம் கூறியபோது, ஒரு மாணவன் விரைந்து கணக்கிட்டு, 9 மீற்றர் வீழ்ச்சியின் வேகம் மணிக்கு 48 கிலோமீற்றர்தானே, லொறி அதைவிட வேகமாக ஓடுமே என்றான். கணக்குச் சரி. ஆயின் மண்ணும் மதிலும் மோதலில் நெகிழ்ந்து கொடுக்கும். சோதனைத் தளம் கொடாது. அடி முழுவதும் கலத்துக்கே. 1984 யூலையில் இங்கிலாந்தின் ஓல்ட் டால்பி என்னுமிடத்தில், தண்டவாளத்தில் கிடத்திய கலமொன்றின்மீது மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் புகையிரதத்தை மோதவிட்டனர். எஞ்சின் சிதைந்தது, கலத்தின் உள்ளழுத்தம் மிகச் சிறிதே குறைந்தது. அது ஊரறிய நடந்த காட்சி. என் நம்பிக்கை அதைவிட அந்தச் சுவையற்ற 9 மீற்றர்ச் சோதனையிலேயே தங்குகிறது.

அரைமணி நேர நெருப்பு போதுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. 2001இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரச் சுரங்கத்தில் சரக்குப் புகையிரதமொன்று தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. அதிலே அணு எரிபொருள் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்னவாகும் என்று அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு கணக்கிட்டுப் பார்த்தது. சில கலங்களின் மூடி முத்திரைகள் வெப்பத்தாற் பழுதடையக்கூடும். எரிபொருள் வெளியேறாது என்று கண்டது. விதியை எழுதியவர்கள் விதிக்கு அப்பாலும் எண்ணிப் பார்த்தது எனக்கு ஆறுதலளித்தது.

சாரதி உறங்கலாம், பாலம் இடியலாம், காவலர் ஓடிவிடலாம். அப்போதும் காப்பது கலமாகவே இருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை. ஆயினும் மூடியைப் பூட்டுவது மனிதக் கையல்லவா? அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னரும் கசிவு உண்டா எனச் சோதித்தே கலத்தை அனுப்ப வேண்டும்.

பேச்சு முடிந்து எழுந்தபோது அம்மாணவி மீண்டும் அருகே வந்தாள். கிளாலிக் கதையையும் நான் சொல்லியிருந்தேன்.

“போத்தலைச் சுற்றி ஒரு சேலைத்துணியாவது கட்டியிருந்தீர்களா, சேர்?”

இல்லை என்றேன்.