வளையம் எறிந்த வியாபாரிகளும் வட்டமாக அமர்ந்த ஆசான்களும்

தரையில் ஒரு கம்பம், கையில் சில வளையங்கள். எங்கே நின்று எறிவது என்பது எறிபவர் இஷ்டம். சிலர் கம்பத்தின் காலடியிலேயே நின்று போட்டுவிடுவார்கள். சிலர் கைதட்டலுக்காக வெகுதூரம் போய் நிற்பார்கள். கஷ்டம்தான், ஆனால் முயன்றால் விழும் என்கிற தூரத்தைத் தேர்பவரிடம் சாதிக்கும் வேட்கை அதிகம் என்றார் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட். அந்த வேட்கையைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று சோதித்துப் பார்க்க 1964இல் அவர் தேர்ந்த ஊர் ஹைதராபாத்.

யூசுஃப்குடாவில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனம்தான் களம். சுருக்கமாக ‘சியட்’ என்பார்கள். இன்று அது என்ஐ-எம்எஸ்எம்இ. காக்கிநாடாவிலிருந்து வியாபாரிகள் வந்து சுமார் பத்து நாள் தங்கினார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். எழுதிய கதையில் தன்னையே பார்க்கச் சொன்னார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் ஊர் திரும்பியபின் கூடுதலாகத் தொழிலை விரித்தார்கள் என்று 1969இல் டேவிட் விண்டருடன் எழுதிய நூலில் மெக்லெல்லண்ட் பதிவுசெய்தார். வேட்டி கட்டுவதும் கூட்டுக்குடும்பத்தில் வாழ்வதும் இதற்குத் தடையாக இல்லை என்பதும் அந்த ஆய்வு சொன்ன சேதி. ‘நம் பண்பாடே முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை’ என்று மேடைதோறும் பேசிவந்தவர்களுக்கு அது உவப்பாக இருந்திருக்காது.

அதே சியட்டில் அப்போது ஜெய்ப்பூர்க்காரர் உதய் பரீக் இருந்தார். மைசூர் அருகே ‘ஆலோகா’ இளைஞர் பயிற்சி மையத்தை நடத்திய ரோல்ஃப் லிண்டனும் இருந்தார். இருவரும் சேர்ந்து 1967இல் வெளியிட்ட ‘டிரெயினிங் ஃபார் டெவலப்மென்ட்’ இந்தியப் பயிற்றுநர்களின் கைப்புத்தகமாகவே ஆகிவிட்டது. பயிற்சி தருவதும் ஒரு தொழில், அதற்கும் நெறி வேண்டும் என்ற எண்ணம் இத்தகையவர்களிடம் வலுப்பெற்றது. அதன் விளைவாக 1972இல் உருவானதுதான் இந்தியப் பயன்பாட்டு நடத்தை அறிவியல் சங்கம். உறுப்பினர்கள் வாயில் அது ‘ஐசாப்ஸ்’.

ஐசாப்ஸின் உயிர்நாடி ‘டி-குரூப்’ எனும் பயிற்சிக் குழு. அதன் கதை அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1946இல் தொடங்குகிறது. உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் பகலில் பயிற்சி நடத்திவிட்டு, மாலையில் பங்கேற்றவர்களின் நடத்தையைப் பற்றித் தங்களுக்குள் அலசுவார்கள். ‘நாங்களும் உட்காரலாமா?’ என்று கேட்டார்கள் சிலர். உட்கார்ந்தவர்கள், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று மல்லுக்கு நின்றார்கள். பகல் வகுப்பைவிட அந்த வாக்குவாதத்தில்தான் கற்றல் அதிகம் நடக்கிறது என்று லெவினுக்குப் பட்டது. மறுவருடம் மெய்ன் மாநிலத்தின் பெத்தெலில் அதுவே முறையான பயிற்சியானது. அதைப் பார்க்க லெவின் இல்லை; 1947 பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

நம் ஊரிலும் அதே வட்டம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். பாடத்திட்டம் கிடையாது. வழிநடத்துபவர் பெரும்பாலும் வாயே திறக்கமாட்டார். ‘சார், எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?’ என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அந்த எரிச்சலே பாடமாகிவிடும். முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மேல்நிலை, அதன்பின் தொழில்முறைப் பயிற்சி என்று படிப்படியாக ஏறியவர்தான் பிறரை வழிநடத்த முடியும். பிறர் மனத்தைத் தொட வருபவர் முதலில் தன் மனத்தை அந்த வட்டத்தில் வைக்க வேண்டும் என்பது நிறுவியவர்கள் போட்ட விதி. அவர்கள் செய்த ஆகப்பெரிய காரியம் இதுதான். இந்த மரபை நூலாகத் தொகுத்தவர்களில் ஒருவர், ஹைதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரியில் பணியாற்றிய தரணி சின்ஹா.

பரீக் பிறகு அகமதாபாத் ஐஐஎம்முக்குப் போனார். ஆந்திரத்தைச் சேர்ந்த டி.வி. ராவ் அவருடன் சேர்ந்தார். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு இருவரும் அளித்த அறிக்கை, ஊழியருக்கு மதிப்பெண் போடுவதோடு நிற்காமல் மேலதிகாரி தன் கீழிருப்பவரோடு உட்கார்ந்து பேசி வளர்த்துவிட வேண்டும் என்றது. 1975இல் அங்கே தனி மனிதவள மேம்பாட்டுத் துறை பிறந்தது. இன்று ‘கோச்சிங்’ என்று ஹைடெக் சிட்டியில் விலைபோவதன் இந்திய வேர் அதில் இருக்கிறது. 1985இல் அமைந்த தேசிய மனிதவள மேம்பாட்டு வலையமைப்பின் நிறுவனத் தலைவரும் ராவ்தான்.

உலக அளவில் கோச்சுகளுக்கான பெரிய சங்கம் ஐசிஎஃப். நிதி ஆலோசகராக இருந்த தாமஸ் லெனர்ட் 1995இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் முதல்படிச் சான்றுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். உச்சப் படிக்கு 2,500 மணி நேர அனுபவம்.

சிகிச்சை தருபவர்கள் பக்கம் நிலைமை வேறு. மருத்துவ உளவியலாளர்கள் 1968இலேயே சங்கம் கண்டுவிட்டார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதியாமல் அவர்கள் தொழில் செய்யக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படப்போகிறார்கள் என்பது தனிக் கேள்வி.) 2021இன் இணை சுகாதாரப் பணியாளர் சட்டம் ஆலோசகர்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. கோச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. நாளைக் காலை யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்.

நமக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, ஹைதராபாத்வாசிகளுக்கு எர்ரகட்டா அப்படி. அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர், சிகிச்சை வேண்டிய இடத்தில் ‘லைஃப் கோச்’சைத் தேடுகிறார்கள். பணம் கட்டுமுன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சங்கத்தில் உறுப்பினர்? உங்கள் வேலையைக் கண்காணிக்கும் மூத்தவர் யார்? என் பிரச்சினை உங்கள் எல்லையைத் தாண்டினால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் பணம் கட்டாதீர்கள்.