அளவு கற்பித்த துறவி

ஹாலந்து தேசத்து லைடன் நகரில் 1904-ஆம் ஆண்டு, கட்டடக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தகப்பனாரின் தொழிலையே தாமும் மேற்கொள்ளக் கருதி டெல்ஃப்ட் நகரத்துத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறுமுன்பே படிப்பை விடுத்து, 1927-இல் ஓஸ்டர்ஹௌட் ஊரிலிருந்த ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் புகுந்தவர் ஹான்ஸ் வான் டெர் லான். கட்டடக் கலையில் வெறுப்புண்டாகி அவர் துறவு பூண்டாரல்லர். ஒரு சுவர் இத்தனை கனமும் ஓர் அறை இத்தனை அகலமும் இருக்கவேண்டுமென்பதற்கு ஆதாரமான பிரமாணம் யாது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குத் திருப்தியான விடை கல்லூரியில் அகப்படவில்லை. கலையைத் துறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டே மடத்து வாசற்படி ஏறியவருக்கு, அந்த மடமே அதனைத் திரும்பவும் கையில் கொடுத்ததுதான் விந்தை.

ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கு நூலின் 57-ஆம் அத்தியாயம் மடத்துக் கைவினைஞரைப் பற்றியது. வித்தை தெரிந்தவர்கள் மடத்துத் தலைவரின் அநுமதியோடு பணிவாகத் தொழில் செய்யலாம். தம் திறமையால் மடத்துக்கு ஏதோ உபகாரம் செய்வதாக ஒருவன் கர்வங்கொண்டானாயின் அவனை அத்தொழிலினின்றும் விலக்கிவிடவேண்டும் என்பது அதன் சாரம். கலைஞனுக்கு இதைவிடக் கடுமையான நிபந்தனை வேறு உண்டோ என்று எனக்குத் தோன்றுகிறது. கோயிற் பொருள்களைப் பேணும் பொறுப்பு வான் டெர் லானுக்குக் கிடைத்தது. பூசைக்குரிய திருவுடைகளின் வெட்டையும் தையலையும், பாத்திரங்களின் வடிவத்தையும், பிற்காலத்தில் நாற்காலி, பெஞ்சு, கல்லிற் பொறிக்கும் எழுத்து ஆகியவற்றையும் அவரே தீர்மானித்தார். உடையும் பாத்திரமும் வீடும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்பது அவருடைய சித்தாந்தம். வழிபாட்டின் வடிவங்களைக் குறித்து அவர் 1985-இல் வெளியிட்ட நூலிலும் இதனையே விரித்துரைக்கிறார்.

அந்த நியதியை அவர் 1928-ஆம் ஆண்டு வாக்கிலேயே கண்டுகொண்டார். பிற்காலத்தில் அதனை விளக்க அவர் கையாண்ட உபாயம் குழந்தைகளுக்கும் விளங்கக்கூடியது. பலவேறு பருமனுள்ள சரளைக் கற்களை ஒருவர் முன்னே குவித்து, கண்ணளவாலேயே அவற்றை இனம் இனமாகப் பிரிக்கச் சொன்னால், அவர் அளவுகோலைத் தொடாமலே, தேங்காய் வியாபாரி பெருவெட்டு, நடுத்தரம், சிறுசு என்று குவியல் கட்டுவதுபோல, கற்களைப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு குவியலிலும் சிற்சில வித்தியாசங்கள் இருந்தபோதிலும் கண் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை; ஏறக்குறைய மூன்றுக்கு நான்கு என்ற வித்தியாசம் ஏற்படும்போதுதான், இது வேறு இனம் என்று மனம் தீர்ப்புச் சொல்கிறது. மற்றொரு புறம், ஒன்று மற்றொன்றைப்போல் ஏழு மடங்கு ஆகுமளவில், அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே பொருளற்றதாகிவிடுகிறது. இவ்விரு எல்லைகளுக்குள்ளேதான் மனிதனுடைய கண் அளவை அறிகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இதற்கு அவர் கணித உருவமும் தந்தார். பொன் விகிதம் எனப்படும் 1.618-ஐக் கொண்டு படிப்படியாகப் பெருக்கிச் செல்லும் வரிசையில், அடுத்தடுத்த இரண்டு அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது அளவு கிடைக்கும். வான் டெர் லானுடைய எண் 1.3247. ஒன்று, 1.3247, 1.7549, 2.3247 என்று செல்லும் இவ்வரிசையில் முதலிரண்டின் கூட்டுத்தொகை நான்காவது அளவாக வந்து நிற்கிறது. இப்படி ஏழு படி ஏறினால் ஏழு மடங்குக்குச் சற்று மேலாக வருகிறது. பொன் விகிதம் தளத்துக்கு உரியது, நீளமும் அகலமும் உயரமும் கூடிய கட்டடத்துக்கு இதுவே ஏற்றது என்று அவர் வாதித்தார். இந்த எண்ணை விளக்கும் நூல் 1960-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஹாலந்தின் கோயில்கள் பல இடிந்துபோயின. அவற்றைத் திரும்பக் கட்டவேண்டிய அவசியத்தை முன்னிட்டு, டென் போஸ் நகரில் 1946-ஆம் ஆண்டு ஒரு வகுப்புத் தொடங்கிற்று. முற்காலத்தில் வெடிமருந்துக் கிடங்காயிருந்த கட்டடத்தில், தம் சகோதரர் நிக்கோவின் துணையோடு, இத்துறவி 1973 வரை அங்கே போதித்துவந்தார். பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கிவிட்ட கட்டடக் கலைஞர்களும் அவர்முன் மாணாக்கராக அமர்ந்து, சுவர், தூண், திறப்பு என்று அரிச்சுவடியிலிருந்து மறுபடியும் கற்றார்கள். அவர்களிற் சிலர் எண்ணைப் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிட்டார்கள். பருத்த தூண்களும் சாம்பல் நிறச் சுவருமாக அவர்கள் எழுப்பிய கோயில்களுட் சில, ஆசிரியரின் தோற்றத்தை மட்டும் பெற்று உயிரற்று நிற்பதாக விமரிசகர்கள் குறைகூறியதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆசிரியர் தம் கையால் செய்து காட்டிய உதாரணம், ஜெர்மன் எல்லையருகே வால்ஸ் ஊரில் உள்ள மடத்தின் கோயில். 1968-இல் முற்றுப்பெற்ற அதில் சித்திரமோ வர்ணக் கண்ணாடியோ அலங்காரமோ கிடையாது. கரடான செங்கற் சுவரின்மேல் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பைப் பூசி விட்டிருக்கிறார்கள். அதனூடே கல்லின் வரிசை தெரிகிறது. மேலே காங்கிரீட் உத்தரங்கள். உயரத்தில் வரிசையாகச் சன்னல்கள். கீழே மொட்டைப் பலகையாலான பெஞ்சுகள். வறட்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் சுவரின் கனமும், இரு சுவர்களுக்கிடையே அடைபட்ட வெளியும், தூணும், இடைவெளியும் மேற்சொன்ன வரிசையின் படிகளாகவே அமைந்திருப்பதால், பொருள் குறைந்த அவ்விடத்தில் உறவுகள் குறையவில்லை. அங்கே துறவிகள் பாடும் கிரகோரியன் கீதமும் துணை வாத்தியமின்றித் தனிக் குரலொழுக்காக எழுவது. அந்தச் சுவர்களுக்கு வேறு அணி தேவைப்படாததில் ஆச்சரியமில்லை.

கோயில் முடிந்த அவ்வாண்டிலேயே வான் டெர் லான் வால்ஸ் மடத்துக்குக் குடிபெயர்ந்தார். பெல்ஜியத்தின் வாஸ்மன்ஸ்டர் ஊரில் கன்னியருக்கு ஒரு மடமும், வால்ஸ் மடத்துக்கு ஒரு நூல்நிலையமும் அதன்பின்னர் அவர் அமைத்தவை. 1991-இல் அவர் காலஞ்சென்றார். ஸ்வீடன் தேசத்தில் டோமெலில்லா என்னும் ஊருக்கருகே அவர் திட்டமிட்ட கன்னியர் மடத்தைப் பிறர் கட்டி முடித்தார்கள்.