போர் முடிந்தும் தீராத கால் தளர்ச்சி

ஜார்ஜ்டவுன் மளிகைக் கடைகளில் புழுங்கலரிசி மூட்டையும் வெள்ளையரிசி மூட்டையும் பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சயாம் ரயில்பாதையிலிருந்து மீண்ட படைவீரர்கள் சிலருக்கு ஆயுள் முழுக்கக் கால் ஏன் தேறவில்லை என்பதற்கான விடை இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது.

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் வெறும் அசதிதான். பிறகு கால் மரத்துப்போகும், படியேற முடியாது, தசை வற்றும். சிலருக்கு உடல் வீங்கி இதயமே நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடம் இது பரவலாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கோ அரிதாகவே வந்தது. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெள்ளையரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி வெள்ளையரிசிப் பக்கமே குவிந்தது. (இன்று இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்!)

காரணம், தவிட்டிலுள்ள பி1 வைட்டமின், அதாவது தயாமின். நெல்லைப் புழுக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தயாமின் இல்லாமல் சோற்றின் மாவுச்சத்தை உடலால் சரிவர ஆற்றலாக்க முடியாது. வயிறு நிறைந்திருந்தும் நரம்புக்கும் தசைக்கும் பட்டினி. உடலில் அதன் இருப்பும் சில வாரங்களுக்குத்தான்.

மலாயாவிலேயே கண்டறிந்த இந்த உண்மை, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்து சிறைப்பட்டவர்களுக்கு உதவவில்லை. ரயில்பாதை முகாம்களில் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய அரிசி, அதுவும் போதாது. விடுதலைக்குப் பின் நல்ல உணவு கிடைத்ததும் வீக்கம் வடிந்தது. ஆனால் நரம்பு அவ்வளவு வேகமாகத் தேறாது. அறுந்த இழை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பணுவே இறந்துவிட்டால் அதுவும் இல்லை.

லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1968 முதல் 1981 வரை இந்த முன்னாள் கைதிகள் 898 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 49 பேருக்கு நரம்புக் கோளாறு அப்போதும் இருந்தது: எரியும் பாதம், மங்கிய பார்வை, மந்தமான காது. அதே பாதையில் உழைத்துவிட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பிய தமிழர்களுக்கு லிவர்பூல் ஏது?

பி1 குறைவு இன்றும் வருகிறது, குறிப்பாக மது மிகுதியாகக் குடிப்போருக்கு. பாத எரிச்சலும் கால் தளர்ச்சியும் சேர்ந்து வந்தால் வயதின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயும் இதே குறிகளைக் காட்டும் என்பதால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.